லிமிடேஷன்ஸ் எழுதுனா தீசிஸ் வீக்காயிடுமா?

தீசிஸ் எழுதினவங்கள எக்ஸாமினர் நேர்ல கேள்வி கேக்குற வைவா ஒண்ணோட வீடியோ வந்துச்சே, அதப் பாத்தவங்களுக்கு நான் எதச் சொல்றேன்னு புரியும். இன்னும் மனசு ஆறல. அதுல தீசிஸ் எழுதின பொண்ணு, தன் ஆய்வோட குறைகளத் தானே சொல்ற லிமிடேஷன்ஸ் பகுதில, தன்னோட சாம்பிள் எங்க பத்தாது, இந்த ரிசல்ட்டுக்கு வேற என்ன காரணம் இருக்கலாம்னு பொறுமையா எழுதி வச்சிருக்கு, அதப் படிச்சிட்டு எக்ஸாமினர் "நீங்களே சந்தேகப்படுறீங்க, நாங்க ஏன் நம்பணும்"னு கேக்குறாரு, ஹாலே கைதட்டுது. எதுக்குங்க கைதட்டுனீங்க?

தன் வாதத்துக்கு எதிரா என்னென்ன சொல்லலாம்னு தானே தேடி எழுதுறது பலவீனம் இல்ல. திரும்பவும் சொல்றேன், பலவீனம் இல்ல. டார்வின் 1859ல போட்ட புத்தகத்துல ஆறாவது அத்தியாயமே தன் கொள்கைல இருக்குற சிக்கல்களப் பத்தித்தான். கண்ணு மாதிரி ஒரு உறுப்பு இயற்கைத் தேர்வால வந்துச்சுன்னு சொன்னா அபத்தமாத் தெரியும்னு அவரே ஒத்துக்கிட்டு, அப்புறம்தான் பதிலுக்கே வர்றாரு.

"அவரு டார்வின், இந்தப் பொண்ணு யாரு"ம்பீங்க. யாரா இருந்தா என்ன, முறை ஒண்ணுதானே.

"அப்ப எக்ஸாமினர் கேள்வியே கேக்கக்கூடாதா?" தாராளமா கேக்கட்டும், ஆனா கேக்குற விதம்னு ஒண்ணு இருக்கு. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள் வந்தப்ப, புள்ளியியல்ல அவ்ளோ பெரிய ஆளான ஃபிஷர், ரெண்டுக்கும் பின்னாடி ஒரு மரபணு இருக்கலாமேன்னாரு. நியாயமான கேள்வி. அதுக்கு 1959ல கார்ன்ஃபீல்டுங்குற புள்ளியியலாளரும் கூட இருந்தவங்களும் கணக்குப் போட்டுக் காட்டுனாங்க: புகைபிடிக்கிறவங்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்குன்னா, அது முழுக்க அந்த ஒளிஞ்சிருக்குற காரணத்தாலதான்னா, அந்தக் காரணம் புகைபிடிக்காதவங்களவிட அவங்ககிட்ட கொறஞ்சது ஒன்பது மடங்காவது அதிகமா இருக்கணும், அப்படி ஒண்ண யாரும் காட்டலையே! எதிர்ப்ப மறைக்கல, எடுத்து எடை போட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் "இந்த வேற காரணத்த எவ்ளோ தூரம் சோதிச்சுப் பாத்தீங்க"ன்னு கேட்டிருக்கலாமே, பதில் வந்திருக்கும்.

எனக்கு ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா, ஒரு ஜர்னல்ல நான் எழுதின லிமிடேஷன்ஸ் பத்தியையே வரிக்கு வரி எடுத்துப் போட்டு "ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார்"னு ரிஜெக்ட் பண்ணாங்க. புதுசா ஒரு குறைகூட அவங்களா கண்டுபிடிக்கல. நான் எழுதாம விட்டிருந்தா பேப்பர் வந்திருக்கும்ல? இந்த நினைப்பு வருது பாருங்க, அதத்தான் தாங்க முடியல.

"எல்லா சந்தேகத்தையும் எழுதுனா தீசிஸ் முடியவே முடியாது"ங்குறவங்களுக்கு: எல்லாத்தையும் எழுதச் சொல்லல. முடிவையே மாத்தக்கூடியத எழுதச் சொல்றேன்.

அந்த வீடியோ வந்ததுலருந்து இன்பாக்ஸ்ல ஸ்காலர்ஸ் "அந்தப் பகுதிய தூக்கிடட்டுமா, கைடு தூக்கச் சொல்றாரு"ன்னு கேக்குறாங்க. பயத்துல கேக்குற பிள்ளைங்க. அதனால கைடுங்ககிட்டயே கேக்குறேன், அவங்க எழுதின சந்தேகத்துக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? இருந்தா சொல்லிக் குடுங்க, தீசிஸ்ல சேத்துக்குவாங்க. இல்லன்னா அழிக்கச் சொல்லாதீங்க.