சீல் வைத்தவரைத் திட்டுகிறவர்களுக்கு

எலிப் புழுக்கை கிடந்த ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) சீல் வைத்த அந்த வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது என்று மூன்று நாளாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நேற்று என் சொந்த மச்சானே அந்தப் பி.எச்.ஐ.யின் படத்தைப் போட்டு, 'நம்ம சோத்தில் மண் போட்டவன்' என்று எழுதியிருக்கிறார். கீழே கைதட்டல் வேறு. சரி, இனிப் பொறுக்க முடியாது.

மாவுச் சாக்குக்குள் எலிப் புழுக்கை கிடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். அதை அங்கே போட்டது எலி. எலிக்கு இடம் கொடுத்தது முதலாளி. டோர்ச் அடித்துக் காட்டியவர் மேல் என்ன கோபம்?

'தமிழ்க் கடை என்றபடியால்தான் பிடித்தார்கள்' என்கிறீர்கள். இலங்கையில் அந்தச் சந்தேகம் வருவதை நான் பழிக்க மாட்டேன். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு காலி வீதியில் தமிழர் கடைகளை எரித்த கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அதற்காக எரித்ததையும் சீல் வைத்ததையும் ஒரே தராசில் போடுவதா? எரிந்த கடைக்காரர்களுக்கே அது அவமரியாதை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி பரிசோதகர் கடைக்குள் வரலாம், மாதிரி எடுக்கலாம். தண்டம் போடுவது அவரல்ல, நீதவான். அப்புறம், அந்தக் கடையில் தினமும் சாப்பிட்டது யார்? நாம்தானே!

பெரிய ஹோட்டல்களைத் தொட மாட்டார்களாம். இருக்கலாம். அங்கேயும் போகச் சொல்லுங்கள், நானும் வந்து கத்துகிறேன்.

போன வருடம் என் மகளுக்கு ஒரு மத்தியானச் சோற்றுப் பார்சல் வாங்கிக் கொடுத்தேன் (இது வேறு கடை). பத்து மணிக்கே கட்டி அடுக்கியதை இரண்டு மணிக்கு விற்றிருக்கிறார்கள். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் நடுவில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோறுதான் கிருமிக்குக் கல்யாண வீடு என்று டொக்டர் பிறகு விளக்கினார். இரவு முழுக்கச் சத்தி, வயிற்றோட்டம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைத்துக் கொடுத்தும் நிற்கவில்லை. இரண்டு நாள் சேலைன். பிள்ளையின் கையில் ஊசி ஏற நரம்பு தேடியதை நான் இன்னும் மறக்கவில்லை. முறைப்பாடு கொடுக்கப் போன் எடுத்தேன். எழுத்தில் தாருங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் வரவில்லை. அந்தக் கடை இன்றும் திறந்திருக்கிறது.

ஆகவே நான் பி.எச்.ஐ.மாருக்குக் கொடி பிடிக்கிற ஆள் இல்லை. ஆனால் வந்ததற்குத் திட்டாதீர்கள், வராததற்குத் திட்டுங்கள். பண்டிகைக்கு முதல் கிழமை கமராவோடு ஒரு சுற்று, மற்ற நாட்களில் நித்திரை. அதைக் கேளுங்கள்.

'அந்தக் காலத்தில் சாப்பிட்டவர்கள் எல்லாம் செத்தா போனார்கள்' என்று ஒரு பெரியவர். ஐயா, செத்தவர்கள் வந்து கமெண்ட் போட மாட்டார்கள்.

என் அப்பா புறக்கோட்டையில் சைவக்கடையில் பரிமாறியவர். மேசைக்கு ஒரு தட்டு வடை வைப்பார்கள், தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை கை தொட்டதோ! எங்களைக் கூட்டிப்போனால் அப்பா அடியில் இருக்கிற வடையைத்தான் எடுக்கச் சொல்வார். கடை ஆளே தன் பிள்ளைக்கு மேல் வடையைக் கொடுக்கவில்லை. இதைத்தான் ஒருவர் 'நம் பண்பாடு' என்று எழுதி உருகியிருந்தார்.

'பாவம், பிழைப்பு.' யாருடைய பிழைப்பு? வீடியோவில் மாவுச் சாக்குக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த பாயை யாராவது கவனித்தீர்களா? மலையகத்து ஹற்றன் பக்கமிருந்து வேலைக்கு வந்த பெடியன்கள் அங்கேதான் படுக்கிறார்கள். எலியோடு. அப்பாவும் அப்படித்தான் பதினொரு வருடம் படுத்தார். காலில் எலி கடித்த தழும்பு கடைசிவரை இருந்தது. கடையைப் பூட்டியதும் முதலாளி சொன்னது என்ன? 'பெடியன் துப்புரவாக்கவில்லை.' அதற்கும் நீங்கள் இதயம் போட்டீர்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எலிப் புழுக்கையைவிட அதுதான் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பக்கம் போனேன். ஷட்டருக்கு முன்னால் பையோடு ஒருவன் குந்தியிருந்தான். பதினெட்டு வயதிருக்கும். சம்பளம் தந்தார்களா என்று கேட்டேன். கடை திறந்த பிறகு தருவார்களாம்.

மச்சான், இதற்கும் ஒரு படம் போடுங்கள்.