வேலிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவுக்குப் போய்வந்தவர்கள் போடும் படங்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். குதிரை, ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம், புறாக்கூடு. நாற்பது படம் போட்டிருந்தாலும் ஒன்றில்கூட ஊர்ச்சனம் இல்லை. என் அம்மம்மா பிறந்த ஊர் அது. பார்க்கப் பார்க்க மனம் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். மாடுகள் நிறைந்திருந்ததால் போர்த்துக்கேயர் அதை மாட்டுத்தீவு என்றார்கள். பிறகு வந்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையே எங்கள் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்ற இரண்டும் வழக்கொழிந்துவிட்டன. டெல்ஃப்ட் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மம்மா ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது 'தீவு', அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் கிடுகு, பனையோலை, கிளுவங்கதியால். நெடுந்தீவில் வேலி கல்லால் ஆனது. அங்கே மண் மெல்லிய போர்வை மாதிரி, கொஞ்சம் தோண்டினாலே பவளக்கல் தட்டுப்படும். அந்தக் கல்லைப் பொறுக்கி அடுக்கித்தான் வளவுக்கு எல்லை கட்டினார்கள். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. கல்லைத் தடவினால் பவளத்தின் பூக்கோலம் விரலில் படும். சந்துகளுக்குள்ளால் சோழகக் காற்று வருவது உள்ளங்கையில் தெரியும்.

ஒருமுறை மாமா சரிந்த வேலியைத் திருப்பி அடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு கல்லை எடுப்பார், இரண்டு மூன்று தரம் உருட்டிப் பார்ப்பார், பொருந்தினால் வைப்பார். பொருந்தாவிட்டால் உடைக்கமாட்டார், தள்ளி வைப்பார். "அதுக்கும் ஒரு இடம் வரும், பொறு" என்றார். பின்னேரம் அந்தக் கல்லும் வேலிக்குள் போயிருந்தது.

கோட்டையும் இதே பவளக்கல்தான். அது பாழடைந்து கிடக்கிறது. வேலி நிற்கிறது, ஏனென்றால் சரிந்தால் அடுக்க ஆள் இருக்கிறது. எனக்கு அந்தத் தீவின் பெரிய வரலாற்றுச் சின்னம் இந்த வேலிகள்தான். தயவுசெய்து ஞாபகத்துக்கு என்று அதிலிருந்து கல் எடுத்து வராதீர்கள்.

குதிரைகள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வடிவான உயிர்கள். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது, நல்ல விஷயம். ஆனால் வறட்சியில் குதிரை செத்தால் அது செய்தியாகிறது. அதே வறட்சியில் குடிதண்ணீருக்கு அலையும் சனம் அந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலான கிணறுகளில் உவர் நீர், நல்ல தண்ணீர் சாராப்பிட்டி போன்ற சில இடங்களில்தான். அம்மம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தீட்ட யாரையும் விடமாட்டார்.

தண்ணீருக்கு அடுத்தது படகு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். கடல் கொந்தளித்தால் பிரசவமும் காய்ச்சலும் பரீட்சையும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பயணத்தில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும்கூட. மே 15 வந்தால் அம்மம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டமாட்டார். நாங்களும் ஏன் என்று கேட்கமாட்டோம்.

காணி தேடி வன்னிக்குப் போனவர்கள், போரால் போனவர்கள், வெளிநாடு போனவர்கள் என்று தீவைவிட்டுப் போனவர்கள் கனபேர். இன்று அங்கே இருப்பது ஐயாயிரத்துக்கும் குறைவான சனம். சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். சரி, வளர்க்கட்டும். ஆனால் நேரத்துக்கு ஓடும் படகும், இரவிலும் நோயாளியை ஏற்றிக்கொண்டு போக ஒரு வழியும், ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல தண்ணீரும்தான் முதலில் வேண்டும். அவை இல்லாவிட்டால் அந்த வேலிகளை அடுக்க யார் மிஞ்சுவார்கள்?

நீங்கள் போனால் காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் ஓடிவராதீர்கள். ஒரு இரவு தங்குங்கள். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் கிடைத்தால் குடியுங்கள். வேலியோரம் யாராவது நின்றால் கதை கேளுங்கள், நேரம் போவதே தெரியாமல் சொல்வார்கள்.

கடைசியாக நான் போனபோது மாமி மாவிலித்துறை வரைக்கும் வந்து, பழைய போத்தல் ஒன்றில் நெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டிக் கையில் தந்தார். படகு நகர்ந்த பிறகும் அவர் போகவில்லை. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும்வரை அந்தத் துறையிலேயே நின்றார்.