கியான் அன்று ஒளிந்துகொள்ளவில்லை

கானா கால்பந்து வீரர் அசமோவா கியானைப் பற்றிய ஒரு பதிவில் ஒருவர், "2010-இல் அசமோவா கியான் பெனால்டியைக் கோட்டைவிட்டார், ஷூட்-அவுட்டில் உதைக்கவே பயந்தார், அத்தோடு அவர் கதை முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். முதல் பகுதி மட்டும்தான் உண்மை.

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவும் உருகுவேயும் மோதின. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். கோலுக்குள் போகும் பந்தை உருகுவே வீரர் சுவாரஸ் கையால் தடுத்து சிவப்பு அட்டை வாங்கினார்; கானாவுக்குப் பெனால்டி கிடைத்தது. கியான் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே பறந்தது. சரி, அது தவறிப்போனதுதான். ஆனால் ஆட்டம் சமநிலையில் முடிந்து, சில நிமிடங்களில் ஷூட்-அவுட் (வெற்றியைத் தீர்மானிக்க இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி உதைப்பது) தொடங்கியபோது கானாவுக்காக முதலில் நடந்து வந்தவர் அதே கியான். பந்தை வலையின் மேல் மூலையில் ஏற்றினார். அந்த நிலையில் மறுபடி பந்தை வைத்து உதைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஷூட்-அவுட்டில் கானா தரப்பில் தவறவிட்டவர்கள் மென்சாவும் அடியாவும். உருகுவே 4-2 என வென்றது.

கானா காலிறுதிக்கு வந்ததே, அமெரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கியான் அடித்த கோலால்தான் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

"கதை முடிந்தது" என்பதும் தவறு. 2014 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கும் போர்ச்சுகலுக்கும் எதிராகக் கோல் அடித்தார். மூன்று உலகக் கோப்பைகளில் மொத்தம் 6 கோல். கேமரூன் வீரர் ரோஜர் மில்லாவின் 5-ஐத் தாண்டிய ஆப்பிரிக்கச் சாதனை. கானாவுக்காக 51 கோல். அப்புறம் 2023-இல்தான் ஓய்வை அறிவித்தார். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.