பழைய வால்யூம்களை எடைக்குப் போடும் முன்

"எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த அலமாரிகள்?" பல்கலைக்கழக நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவில் வேலை பார்க்கும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. கேட்பவர் பெரும்பாலும் அந்த இடத்தில் ஏசி போட்ட டிஜிட்டல் லேப் வைக்க ஆசைப்படுபவராக இருப்பார்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல், பொறியியல், மருத்துவ இதழ்களுக்கு மின் வடிவம்தான் சரி. வெளிநாட்டு இதழ் தபாலில் வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். நடுவில் ஓர் இதழ் வராமலே போகும். எந்த மாத இதழ் வந்தது என்று குறிக்கும் கார்டெக்ஸ் அட்டையில் ஜூலைக் கட்டம் மட்டும் காலியாக இளிக்கும். சந்தா ஏஜென்டுக்கு ரிமைண்டர் மேல் ரிமைண்டர் போட்டும் பதில் இருக்காது. கடைசியில் 'ஜூலை இல்லை' என்று சீட்டு வைத்து, மற்ற மாத இதழ்களை ஒன்றாக பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதுதான். பைண்டிங் முடிந்து வந்த தடித்த வால்யூமை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்தால், நடு மடிப்பை ஒட்டிய எழுத்துகள் கருப்புக் கோடாகிப் போகும். இதிலெல்லாம் மாரடித்தவர்கள் காகித வாசனையைப் பற்றிக் கவிதை எழுத மாட்டார்கள்.

ஆனால் மின்னிதழுக்கு நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வாடகைப் பணம். அச்சிதழுக்குச் சந்தாவை நிறுத்தினாலும், அதுவரை வாங்கியது அலமாரியில் இருக்கும். மின் சந்தாவை நிறுத்தினால், காசு கொடுத்த ஆண்டுகளின் இதழ்களும் சேர்ந்து பூட்டிக்கொள்ளலாம். நிரந்தர அணுகல் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் பிழைத்தோம். அந்தப் பக்கத்தை எத்தனை நூலகக் குழுக்கள் படித்துப் பார்த்திருக்கும்?

இப்போது, அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மத்திய அரசே மின்னிதழ்ச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. இவற்றில் பத்து இதழ் வாங்கவே திணறிய மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஒப்புதல் கிடைத்திருப்பது மூன்று ஆண்டுகளுக்கு. அதை நம்பி முப்பது ஆண்டு பைண்ட் வால்யூம்களை எடைக்குப் போடுவது என்ன கணக்கு?

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட உறுத்துகிறது. முன்பெல்லாம் பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரியில் பகுதிநேர பிஎச்.டி. செய்யும் ஆசிரியை, முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வருவார். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேண்டிய வால்யூம்களை அடுக்கி வைத்துச் சாயங்காலம் வரை குறிப்பெடுப்பார். அலமாரிக்கு உள்ளூர், வெளியூர் தெரியாது. மின்னிதழ் பாஸ்வேர்டு கேட்கும், வளாகக் கணினியின் ஐபி முகவரி கேட்கும். அந்தத் தேசியச் சந்தாவும் முதற்கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதுதான். நேரில் வரும் வெளி வாசகர், வளாகக் கணினியில் உட்கார்ந்து படிக்கப் பல பதிப்பக ஒப்பந்தங்கள் அனுமதிக்கவே செய்கின்றன. நாம்தான் அதற்கென்று ஒரு கணினியை ஒதுக்குவதில்லை. "மேடம், உங்களுக்கு லாகின் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அடுத்தது தமிழ் இதழ்கள். இங்கே நிலைமையே வேறு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' போன்றவை எந்தப் பன்னாட்டுப் பதிப்பகத்தின் தொகுப்பிலும் வராது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஈழத்து இதழ்களுக்கு நூலகம் நிறுவனமும் செய்திருக்கும் வேலை பெரியது. ஆனால் அவர்கள் ஸ்கேன் செய்வதற்கே முதலில் எங்கோ ஒரு பிரதி உயிரோடு இருக்க வேண்டுமல்லவா? (பைண்டிங் செய்பவர் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிடுவது தனிக்கதை. நூறு வருடத்துக்கு முந்தைய புத்தக விலையும் மருந்து விளம்பரமும் அதோடு போச்சு.)

இணையத்தில் மட்டும் வரும் இதழுக்கும் ஆயுள் கெட்டி என்று நினைக்க வேண்டாம். 2000 முதல் 2019 வரை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 176 திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போனதை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரே பேராசிரியர் சொந்தக் காசில் டொமைன் வாங்கி நடத்தும் தமிழ் ஆய்விதழ்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெற்றால் புதுப்பிக்க யார் இருக்கிறார்கள்?

அலமாரி நெருக்கடிக்குத் தீர்வாக 1995இல் தொடங்கிய ஜேஸ்டோர் என்ற அமெரிக்க மின்னிதழ்க் காப்பகமே, தான் ஸ்கேன் செய்த இதழ்களின் அச்சுப் பிரதிகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் பத்திரப்படுத்த ஏற்பாடு செய்தது. எல்லாரும் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கும் அதுவே வழிகாட்டி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உட்கார்ந்து பேசி, இந்த இதழின் பழைய தொகுதிகள் சென்னையில், அது மதுரையில், இது தஞ்சையில் என்று பிரித்துக்கொண்டால் பாதி அலமாரி தானாகக் காலியாகும். டிஜிட்டல் லேப் அங்கே தாராளமாக வரட்டும்.

அதுவரை, கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னால் நான் கேட்பது இதுதான்: இந்த இதழுக்கு நிரந்தர அணுகல் எழுத்தில் இருக்கிறதா, போர்ட்டிகோ, கிளாக்ஸ் மாதிரி மின்னிதழ்களைப் பாதுகாத்து வைக்கும் காப்பகம் ஏதாவதில் இருக்கிறதா, பக்கத்தில் வேறு யாரிடமாவது முழுத் தொகுதி இருக்கிறதா? மூன்றுக்கும் 'தெரியாது' என்று பதில் வந்தால் கையெழுத்து கிடையாது. தமிழ் இதழ்களின் சந்தாவையும் யாரும் தொட வேண்டாம். அதை வெட்டி மிச்சம் பிடிக்கும் தொகையில் ஒரு கருத்தரங்கத்துக்குப் பொன்னாடைகூட வாங்க முடியாது.