முதலில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஈராக் போர் பற்றி நான் பேசியதிலிருந்து நாற்பது விநாடியை மட்டும் வெட்டியெடுத்து ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். ஆனால் நேற்று இரவு, பல வருடம் என்னோடு ஒரே பதாகையைப் பிடித்து நின்ற தோழர் ஒருவரே, "போர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு துப்பாக்கி தூக்கியவனுக்கு வக்காலத்து வாங்குவதா?" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். 2003இல் அமெரிக்கா படையெடுத்து வந்தபோது ஈராக் மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று யாராவது கேட்டால், ஆக்கிரமிப்பிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். குண்டு வெடித்த இடத்திலிருந்து தொடங்காதீர்கள். முழுப் பேச்சையும் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

ஈராக்கிலுள்ள ஃபலூஜா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஏப்ரல் மாதம் அமெரிக்கப் படையினர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். ஏப்ரல் 28 இரவு ஊர் மக்கள் அதன் முன்னால் திரண்டார்கள். பள்ளியைக் காலி செய்யுங்கள், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. படையினர் சுட்டார்கள். 17 பேர் இறந்ததாகவும் 70 பேருக்கு மேல் காயமடைந்ததாகவும் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு பதிவு செய்தது. கூட்டத்திலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்றது ராணுவம். பள்ளிக் கட்டடத்தை நேரில் பார்த்த அந்த அமைப்பு, அதை நம்புவதற்கான தடயம் இல்லை என்றது.

அந்தச் செய்தியை அப்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரசியல் பேச்சு என்றாலே எழுந்து போய்விடுவார். அன்று கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துவிட்டு, "பிள்ளைங்க படிக்கிற இடத்துல அவனுக்கு என்ன வேலை?" என்றார். அவ்வளவுதான். ஐக்கிய நாடுகள் சபை, சர்வதேசச் சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. நான் மேடையில் அரை மணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாததை அந்த ஒரு கேள்வி புரியவைக்கிறது.

நம்மில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. மைக்கைப் பிடித்ததும், "நாங்கள் வன்முறையை ஆதரிக்கவில்லை" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் ஆரம்பிக்கிறோம். அப்போதே பேச்சு கையை விட்டுப் போய்விடுகிறது. ஆக்கிரமிப்பு என்பது நாம் கோஷத்துக்காகக் கண்டுபிடித்த வார்த்தையா? 2003 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1483ஆம் தீர்மானமே அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு சக்திகள் என்றுதான் குறிப்பிட்டது. அதற்கு மறுநாள், மே 23 அன்று, ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே உத்தரவில் தெருவுக்கு வந்தார்கள். இதையெல்லாம் சொல்லாமல், "அங்கே ஏன் இவ்வளவு வன்முறை?" என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

"அப்படியானால் சதாம் நல்லவரா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஈராக்கை ஆண்ட காலத்தில் ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மேல் விஷவாயு போட்டவர் அவர். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

"சந்தையில் குண்டு வைத்தவனும் எதிர்ப்பாளனா?" இந்தக் கேள்வி நியாயமானது, எனக்கும் வலிக்கிற கேள்வி. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். ஐ.நா.வின் சிறப்புத் தூதர் செர்ஜியோ வியைரா டி மெல்லோ உட்பட 22 பேர் செத்தார்கள். அதை எதிர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஈராக்கியர்களையே கொன்றவர்கள் அந்த மக்களுக்கு இன்னொரு எதிரி. ஆக்கிரமிப்பை எதிர்க்க உரிமை உண்டு என்பதற்கு, அந்தப் பெயரில் எதையும் செய்யலாம் என்று அர்த்தம் கிடையாது. காரணத்தை விளக்குவது வேறு, கொலையை நியாயப்படுத்துவது வேறு. ஞாயிற்றுக்கிழமையும் இதைச் சொன்னேன். வெட்டியவர்கள் சரியாக இந்த இடத்துக்கு முன்னால் வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், எதிர்ப்பு என்றதும் துப்பாக்கி மட்டும் ஏன் நினைவுக்கு வருகிறது? ஈராக்கியர்களே யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும், நேரடித் தேர்தல் வேண்டும் என்று ஷியா மதத் தலைவர் அயதுல்லா சிஸ்தானி கேட்டார். அதை ஆதரித்து 2004 ஜனவரி 19 அன்று பாக்தாதில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். அதுவும் எதிர்ப்புதானே? 1942இல் நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த நார்வேயில், நாஜி ஆதரவு அரசு அமைத்த புதிய ஆசிரியர் சங்கத்தில் சேர மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள், அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை வடகோடியில் உள்ள கிர்கெனெஸ் வரை அனுப்பி வேலை வாங்கினார்கள். அந்த ஆசிரியர்களைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஈராக் என்றதும் மட்டும், "முதலில் கண்டனம் தெரிவித்துவிட்டுப் பேசு" என்கிறார்கள். ஏன்? எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

2003 பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க லட்சோப லட்சம் பேர் தெருவில் நின்றபோது நானும் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போரைத் தடுக்க முடியவில்லை. தடுக்க முடியாமல் போன நாம், அந்தப் போர் யார் வீட்டுக்குள் நுழைந்ததோ அவர்களிடம் போய், நீங்கள் இப்படித்தான் எதிர்க்க வேண்டும் என்று பாடம் எடுக்க எந்த முகத்தோடு போவது? அன்று பக்கத்தில் நின்றவர்தான் நேற்று அப்படி எழுதியவர். குரல் கம்மிப் போய்விட்டது என்று தன் தண்ணீர் பாட்டிலை எனக்குக் கொடுத்தவர்.

தோழர், பொதுவில் எழுதியதற்காக எனக்குக் கோபம் இல்லை. எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் செய்திருக்கலாம். முழுப் பேச்சின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது, இன்றே அனுப்புகிறேன். கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். அடுத்த கூட்டத்திலும் நான் ஃபலூஜா பள்ளிக்கூடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.