நொகாய் ரஷ்ய மொழியின் வட்டார வழக்கு அன்று

நொகாய் மொழி ரஷ்யத்தின் வட்டார வழக்கு என்றும், 1938-க்கு முன் அதற்கு எழுத்தே இல்லை என்றும் கூறும் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இரண்டும் தவறு. ரஷ்யாவின் வடக்குக் காகசஸ் பகுதியில் பேசப்படும் நொகாயானது, கசாக், கரகல்பாக் மொழிகளுக்கு நெருங்கிய உறவுடைய, துருக்கிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழியாகும். கரநொகாய், அக்நொகாய் முதலிய வட்டார வழக்குகள் அதற்கே உண்டு.

எழுத்தைப் பொறுத்தவரை, 1928 வரை அரபு எழுத்திலும், பின்னர் நொகாய் அறிஞர் அப்துல்ஹமீது ஜானிபெகோவ் வகுத்த லத்தீன் எழுத்திலும் எழுதப்பட்ட இம்மொழிக்கு 1938-இல்தான் ரஷ்யம் எழுதப்படும் சிரில்லிக் எழுத்து வந்தது. அவ்வெழுத்திலும், ரஷ்யத்தில் இல்லாத மெல்லின ஙகர ஒலிக்கெனத் தனி இரட்டை எழுத்து சேர்க்கப்பட்டுள்ளது. எழுத்தை மட்டும் பார்த்து மொழிக்குடும்பத்தை முடிவுசெய்வது முறையன்று. ரஷ்யாவுக்குள் அடங்கிய கராச்சாய்-செர்கெசியக் குடியரசின் அரசியலமைப்பு நொகாயை ரஷ்யத்தோடு தனி ஆட்சிமொழியாகவே குறிப்பிடுவதை எவரும் சரிபார்க்கலாம். அழியும் அபாயத்திலுள்ளதாக யுனெஸ்கோ பட்டியலிட்ட மொழி இது; ஆகவே அச்செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.