காலிபருக்குச் சிவப்பு அடிப்பதற்கு முன்னால்

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பிரேக் காலிபருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா என்று யாராவது கேட்டால் போதும், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்று, "உயிர் சமாச்சாரம், பிரேக்கில் கை வைக்காதே" கட்சி. இன்னொன்று, "சக்கரத்தைக் கழற்று, சுற்றிலும் செய்தித்தாளைச் செருகு, ஸ்பிரேயை அடி, அரை மணி நேர வேலை" கட்சி. நான் இரண்டாவது கட்சியில் இருந்து சூடுபட்டு வெளியே வந்தவன். சூடு என்று சொல்வது நிஜமான சூடு.

முதல் தடவை அப்படித்தான் செய்தேன். எதையும் கழற்றவில்லை, ஸ்பிரே டப்பாவைக் குலுக்கி அடித்தேன், பளபளவென்று சிவப்பு, இரண்டு நாள் காரை விதவிதமாக நிறுத்திப் போட்டோ எடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு நீண்ட பயணம் முடிந்து இறங்கும்போது கருகிய வாசனை. நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், முன்பக்கம் இடது சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி அனல் வீசுகிறது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். டிஸ்க்கில் உரசி நிறுத்துகிற பேடின் இரண்டு காதுகளும் காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டில் உட்காரும் பள்ளம் இருக்கிறதே, அதற்குள்ளே பெயிண்ட் புகுந்து காய்ந்து பேடைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அவர் ஒன்றும் திட்டவில்லை. அரத்தை எடுத்துச் சுரண்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

இவ்வளவு மெல்லிய பெயிண்ட் எப்படி பிரேக்கைப் பிடித்து வைக்கும் என்று அப்போது எனக்கும் புரியவில்லை. விஷயம் இதுதான்: சாதாரண டிஸ்க் பிரேக்கில், பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. நாம் பெடலை மிதிக்கும்போது அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அந்த நகர்வு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு நுணுக்கமான இடத்தில் இரண்டு கோட் பெயிண்டைக் கொண்டுபோய்ப் பூசினால் பேட் எப்படி விலகும்?

அதனால் இரண்டாம் தடவை காலிபரைக் கழற்றியே செய்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தேன். காலிபரை, பிரேக் ஆயில் வரும் குழாயான ஹோஸிலேயே தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒரு துண்டுக் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? ஹோஸைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, கழற்றினால் காற்று புகுந்து, அதை வெளியேற்றும் பிளீடிங் வேலையும் தலையில் விழும்.

அப்புறம் ஆரம்பித்தது துடைக்கும் படலம். வயர் பிரஷ், பிரேக் கிளீனர், மறுபடி வயர் பிரஷ். வார்ப்பிரும்புக் காலிபரில் துரு செதில் செதிலாக உட்கார்ந்திருக்கும், அதன் மேல் பிரேக் தூசி, அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. இதன் மேலேயே பெயிண்ட் அடிப்பது புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலை, துரு உள்ளேயே வளர்ந்து பெயிண்டைப் பட்டை பட்டையாகத் தள்ளிவிடும். முகத்தில் மாஸ்க் கட்டாயம். பழைய காரின் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலும் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதுவது மடத்தனம்.

முழுசாக ஒரு பகல் இதற்கே போயிற்று. ஆனால் அந்தப் பகலில்தான் வலது பக்கத்தில், காலிபர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின்னின் ரப்பர் உறை கிழிந்திருந்ததைப் பார்த்தேன். பின்னை உருவினால் வரவில்லை, கிரீஸ் காய்ந்து துருவோடு இறுகிக் கிடந்தது. உள்பக்க பேட் பிஸ்கட் கனத்துக்குத் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. பெயிண்ட் ஆசை வராமல் இருந்திருந்தால் இதை நான் எங்கே பார்க்கப் போகிறேன்! உறை, கிரீஸ், பேட் எல்லாம் மாற்றிவிட்டுத்தான் பெயிண்டைத் தொட்டேன்.

பெயிண்ட் என்று பார்த்தால், இரண்டு டப்பாவைக் கலந்து பிரஷ்ஷால் பூசுகிற எபாக்ஸிதான் என் ஓட்டு. ஸ்பிரே காற்றில் பறந்து டிஸ்க்கில் போய் உட்காரும், பிரஷ் நாம் வைத்த இடத்தில் நிற்கும். தவிர, பிரேக் ஆயில் பட்டால் சாதாரண பெயிண்ட் சுருங்கி உரிந்துவிடும், எபாக்ஸி அதற்கு ரொம்பவே ஈடுகொடுக்கிறது. கேட்டுக்கு அடித்த எனாமல் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், சூட்டில் பழுப்பேறி உதிரும். பிஸ்டன், அதன் ரப்பர் உறை, காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள், ஸ்லைடு பின் போகும் துளை, பேட் உட்காரும் இடம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். சக்கரம் போய் ஒட்டும் ஹப் முகத்திலும் பெயிண்ட் வேண்டாம், நடுவில் கனமான பெயிண்ட் இருந்தால் அது நசுங்கி வீல் நட் தளரும்.

திரும்ப மாட்டிய பிறகு வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெடலை நாலைந்து தடவை மிதித்து அது கெட்டியாகிறதா என்று பாருங்கள். பேடை மாட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம், முதல் மிதி தரையைத் தொடும். இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் முட்டியவர்கள் உண்டு.

நிறம்? சிவப்பு வேண்டாம் என்பது என் கட்சி. பிரெம்போ கம்பெனியுடையது மாதிரி நான்கு, ஆறு பிஸ்டன் வைத்த பெரிய காலிபருக்கு அது எடுப்பு. ஒற்றைப் பிஸ்டன் காலிபருக்குச் சிவப்பு அடித்தால் அது எவ்வளவு சின்னது என்பதுதான் பளிச்சென்று தெரிகிறது. பெயிண்ட் அடித்தால் பிரேக் ஒன்றும் கூடுதலாகப் பிடிக்கப் போவதில்லை. மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் மூடி பற்றிப் பேசவே வேண்டாம், போலி என்பது ஒரு பக்கம், காற்று பட வேண்டிய இடத்தை அடைக்கிறது.

நான் அடித்தது கரும் சாம்பல். ஒருத்தருக்கும் கண்ணில் படவில்லை, எனக்குப் பரம திருப்தி. பின்பக்கம் இரண்டும் இன்னும் பாக்கி. அங்கே எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், மோட்டார் காலிபரிலேயே உட்கார்ந்திருக்கிறது, பழுதுபார்ப்பதற்கான சர்வீஸ் மோடில் போடாமல் பிஸ்டனைத் தள்ளினால் கெட்டுப்போகும். ஆகவே அதைப் பிரிக்கும்போது அந்த மெக்கானிக்கையே பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, அரத்தையும் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார்.